விருந்தாளியின் குரல்

1

2005ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி இரவு. ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் ஹார்ட்வால் அரீனா என்ற பெரிய உள்ளரங்கம். நைட்விஷ் என்ற மெட்டல் இசைக்குழு தன் உலகச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சியை நடத்தி முடிக்கிறது. பாடகி தார்யா துருனென் மேடையை விட்டு இறங்கிய பிறகு அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்படுகிறது. உடன் வாசித்த நான்கு ஆண்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இனி நீ எங்கள் குழுவில் இல்லை என்பது அதன் சாரம். கையில் கொடுத்ததோடு விடவில்லை. அதே கடிதம் ஊருக்கெல்லாம் தெரியும்படி பொதுவெளியிலும் வைக்கப்பட்டது.

அந்த நிகழ்ச்சி முழுவதும் ஒளிப்பதிவாகி, 2006இல் 'எண்ட் ஆஃப் அன் எரா', அதாவது ஒரு யுகத்தின் முடிவு, என்ற பெயரில் வெளிவந்தது. அதைப் பார்த்தபோது என் மனதை அரித்த விஷயம் ஒன்றுதான். மேடையில் இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேருக்கு இன்றிரவு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். நடுவில் நின்று பாடுகிறவருக்கு மட்டும் தெரியாது.

நான் மெட்டல் கேட்டு வளர்ந்தவள் இல்லை. கிடாரின் இரைச்சலுக்கும் டிரம்ஸின் இடிக்கும் என் காது பழகவே சில மாதங்கள் பிடித்தன. இந்த இசையை எனக்கு அறிமுகப்படுத்தியவள் என் முதுகலை மாணவி ஒருத்தி. ஒருநாள் வகுப்பு முடிந்து நடந்துவரும்போது அவள் கேட்டாள்: "ஆம்பளைங்க தனியா ஆல்பம் போட்டா 'அட, இன்னொண்ணும் பண்றாரு'ன்னு சொல்றாங்க. பொண்ணு போட்டா மட்டும் ஏன் மேம், 'குழுவ விட்டுப் போகப்போறா'ன்னு சொல்றாங்க?" பதில் சொல்ல எனக்கு அன்று எதுவும் தெரியவில்லை. தார்யாவின் கதையைத் தேடிப் படித்ததும், அவருடைய தட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டதும் அந்தக் கேள்வியால்தான்.

2

ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில், கிழக்கு ஃபின்லாந்தில் உள்ள சிற்றூர் கிதே. தார்யா 1977இல் பிறந்தது அந்த வட்டாரத்தில்தான். நைட்விஷ் 1996இல் தொடங்கியதும் அங்கேதான். தொடங்கியவர் கீபோர்டு வாசிக்கும் துவோமாஸ் ஹோலோபைனென். அவர் முதலில் நினைத்திருந்தது மின்கருவிகள் இல்லாத, இரவில் தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும்படியான மெல்லிய இசை. எம்ப்பு வுவோரினென் கிடார் வாசிக்க, செவ்வியல் பாட்டில் பயிற்சி பெற்ற தார்யா பாட வந்தார்.

அவர் வாயைத் திறந்ததும் திட்டம் மாறிவிட்டது. அந்த மெல்லிய இசைக்குள் அடங்கும் குரலாக அது இல்லை. குரலுக்கு ஈடுகொடுக்க மின்கிடார் வந்தது, டிரம்ஸ் வந்தது. இசைநாடகப் பாடகியின் குரலும் மெட்டலின் வேகமும் சேர்ந்த அந்தக் கலவைதான் பிறகு உலகமெங்கும் சிம்பொனிக் மெட்டல் என்ற வகையின் முகமாக ஆனது. 1998இல் வந்த 'ஓஷன்பார்ன்', 2000இல் 'விஷ்மாஸ்டர்', 2002இல் 'செஞ்சுரி சைல்ட்', 2004இல் 'ஒன்ஸ்' என்று குழு வளர்ந்துகொண்டே போனது. இந்த வரலாற்றை நைட்விஷ் ரசிகர்கள் ஒரு சுவையான தகவலாகச் சொல்வார்கள். எனக்கு அது தகவலுக்கு மேலே. ஒரு பெண்ணின் தொண்டைக்கு ஏற்றபடி கட்டப்பட்ட வீடு அது. தூண்கள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை அவர் குரல்தான் தீர்மானித்தது.

ஆனால் பட்டா வேறொருவர் பேரில் இருந்தது. பாடல்வரிகளையும் மெட்டுகளையும் பெரும்பாலும் எழுதியவர் துவோமாஸ். நேர்காணல்களில் அவருடைய கனவுகள், அவருடைய ஏக்கங்கள், அவருடைய குழந்தைப்பருவம் பேசப்பட்டன. அவற்றைப் பாடியவர் தார்யா. ஓர் ஆணின் அந்தரங்கத்தை ஒரு பெண் தன் உடலின் வழியாக வெளியே கொண்டுவருகிறாள், கேட்கிறவர்கள் உருகுகிறார்கள், எழுதியவர் மேதை என்று சொல்லப்படுகிறார், பாடியவள் குரல் என்று சொல்லப்படுகிறாள். இந்த வேலைப் பிரிவினை உலகத்தில் புதிதில்லை. மெட்டலில் இதற்குப் பெயரே உண்டு: 'அழகியும் மிருகமும்'. ஆணின் உறுமலும் பெண்ணின் தெளிந்த குரலும் மாறிமாறி வரும் பாணியை அப்படித்தான் அழைக்கிறார்கள். நைட்விஷின் முதல் தட்டில் அதே பெயரில் ஒரு பாட்டும் இருக்கிறது.

2002இல் அவர்கள் எடுத்துப் பாடிய இன்னொரு பாடல் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபெரா'. ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரின் இசைநாடகத்தில் வருவது. அரங்கின் நிலவறையில் முகமூடியோடு வாழும் மேதை ஒருவன், ஒரு பாடகிக்குக் கற்றுக்கொடுக்கிறான். அவள் குரல் தனக்கே உரியது என்று நினைக்கிறான். அவள் வேறு வாழ்க்கையை விரும்பும்போது அவனுக்கு வெறி பிடிக்கிறது. தார்யாவும் பாஸ் கிடார் வாசித்துப் பாடும் மார்கோ ஹியெதாலாவும் இதைப் பாடினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நடக்கப்போவது தெரியாமல் பாடிய பாட்டு. இன்று கேட்கும்போது எனக்கு அதன் இசையைவிடக் கதைதான் காதில் விழுகிறது.

3

தார்யாவின் தனிப்பயணம் நைட்விஷுக்குப் பிறகு தொடங்கியது என்றே பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. அவர் தொடக்கத்திலிருந்தே இரண்டு தண்டவாளங்களில் போய்க்கொண்டிருந்தவர். சிபேலியுஸ் அகாடமியின் குவோபியோ கிளையில் பாட்டுப் படித்தார். 1999இல் வால்தாரி என்ற குழுவின் ராக் இசையில் அமைந்த 'எவாங்கெலியுமி' என்ற பாலேவுக்காக ஃபின்லாந்து தேசிய ஓபெராவில் தனிக்குரல் பாடினார். பிறகு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இசைக் கல்லூரிக்குப் போய் மேலே படித்தார். 2002இல் 'நோச்சே எஸ்காண்டினாவா' என்ற பெயரில் தென்னமெரிக்காவில் செவ்வியல் பாடல் நிகழ்ச்சிகள் நடத்தினார். 2004 டிசம்பரில் ஃபின்னிய மொழியில் ஒரு கிறிஸ்துமஸ் தனிப்பாடல் வெளியிட்டார். இத்தனையும் நைட்விஷில் இருந்துகொண்டே.

அதே காலத்தில் ஆண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மார்கோ ஹியெதாலா 2001இல் நைட்விஷுக்கு வரும்போதே தாரோத் என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தவர். வந்த பிறகும் அதை விடவில்லை. துவோமாஸ் 'ஃபார் மை பெய்ன்' என்ற குழுவுக்குக் கீபோர்டு வாசித்தார். அதன் தட்டு 2003இல் வந்தது. எம்ப்புவுக்கு 'பிரதர் ஃபயர்டிரைப்' என்ற குழு இருந்தது. இவற்றையெல்லாம் ரசிகர்கள் கிளைக் குழுக்கள் என்றார்கள். கிளை என்றால் மரத்துக்குப் பெருமை. இவ்வளவு இசை இவர்களுக்குள் இருக்கிறதா என்று வியப்பதற்கான காரணம்.

கடிதத்தில் தார்யாவின்மேல் வைக்கப்பட்ட குறைகளை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். அவருக்கு உணர்ச்சியைவிடப் பணமும் வணிகமும் பெரிதாகிவிட்டன. நீண்ட பயணங்களுக்கு வர மறுக்கிறார். கணவரின் தாக்கத்தால் மாறிப்போனார். அவரே தன்னைக் குழுவின் விருந்தினர் என்று சொல்லிக்கொண்டார்; ஆக அந்த வருகை இத்துடன் முடிகிறது, வேறொரு பெண் குரலோடு நாங்கள் தொடர்வோம்.

நியாயமாகவே பேசுவோம். ஒரு குழுவில் ஐந்து பேரின் பிழைப்பு இருக்கிறது. ஒருவர் நாட்களைக் குறைத்தால் மற்றவர்களின் வருமானமும் குறையும். களைப்பு, கோபம், பேசாமல் சேர்த்துவைத்த வருத்தம் எல்லாம் உண்மையாகவே இருந்திருக்கும். ஒரு பாடகியோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது என்று முடிவெடுக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் உண்டு. தார்யா தவறே செய்யாதவர் என்று வாதாட நான் வரவில்லை. எனக்கு அது தேவையுமில்லை.

எத்தனை நாள் பயணம், எவ்வளவு ஊதியம், எந்த ஊர் என்பதெல்லாம் வேலைத் தகராறு. அந்தத் தகராறு கடிதத்தில் ஒழுக்கத் தகராறாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் பிரச்சினை. ஊதியம் கேட்பது பேராசை ஆகிறது. ஓய்வு கேட்பது அன்பில்லாமை ஆகிறது. கலையை உணர்ச்சி என்றும் வாழ்க்கை என்றும் பேசிவிட்டால், அதற்குக் கணக்குப் பார்க்கிறவள் தானாகவே குற்றவாளி ஆகிவிடுகிறாள். வீட்டு வேலைக்குக் கணக்குக் கேட்கும் மருமகளைப் பார்த்து 'பாசம் இல்லாதவள்' என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்குத் தூரம் தெரியவில்லை.

கணவர் விஷயத்துக்கு வருவோம். மார்செலோ கபூலி அர்ஜென்டினாவைச் சேர்ந்தவர், இசை வணிகத்தில் இருப்பவர். நம் ஊரில் 'தலையணை மந்திரம்' என்று ஒரு வழக்கு உண்டு. ஆண் ஒருவன் தன் அம்மாவை எதிர்த்து ஒரு முடிவெடுத்தால், மனைவி இரவில் ஓதிக்கொடுத்தாள் என்பார்கள். அங்கே குற்றம் பெண்ணுக்குப் போகிறது. இங்கே முடிவெடுத்தவள் பெண்; ஓதிக்கொடுத்தவர் கணவர் என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணின் முடிவு பிடிக்காவிட்டால் காரணம் மனைவி. பெண்ணின் முடிவு பிடிக்காவிட்டால் அது அவள் முடிவே இல்லை. 28 வயதில், இரண்டு நாடுகளில் இசை படித்து, உலகமெங்கும் பாடிவந்த ஒருவருக்கு, தனக்கு எது வேண்டும் என்று தானே யோசிக்கத் தெரிந்திருக்கும் என்ற மிகச் சாதாரண அனுமானம் அங்கே நடக்கவில்லை.

அடுத்தது 'திவா'. ஊடகங்கள் அவரை அந்தச் சொல்லால் வறுத்தெடுத்தன. இத்தாலிய மொழியில் அது தெய்வப்பெண் என்று பொருள்படும். ஓபெராவின் பெரும் பாடகிகளுக்குச் சூட்டப்பட்ட மாலை. பிறகு அது திமிர் பிடித்தவள், ஆட்டம் போடுகிறவள் என்ற வசையாகச் சரிந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கேத்தரின் கிளெமான் ஓபெராவைப் பற்றி 1979இல் எழுதிய நூலில் காட்டியது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது: ஓபெராவில் பெண்கள் மிக அழகாகப் பாடுகிறார்கள், பாடியபடியே அழிக்கப்படுகிறார்கள், அரங்கம் கைதட்டுகிறது. அந்த ஹெல்சிங்கி நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு எனக்கு அப்படிப்பட்ட கடைசி அங்கமாகத்தான் தெரிகிறது. ஒரே வேறுபாடு, ஓபெராவின் நாயகிக்குத் தன் முடிவு முன்பே தெரியும். அவளிடம் கதைப்புத்தகம் இருக்கும்.

சில நாட்கள் கழித்து தார்யா பொதுவில் பதில் சொன்னார். தான் காயப்பட்டிருப்பதாகவும், சொந்த வாழ்க்கையை இப்படித் தெருவில் வைத்தது சரியில்லை என்றும், தன் கணவரைப் பற்றி எழுதியது அநியாயம் என்றும் சொன்னார். அதன்பின் பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

4

குழு 2007இல் 'டார்க் பேஷன் ப்ளே' என்ற தட்டை வெளியிட்டது. அதில் 'பை பை பியூட்டிஃபுல்' என்ற பாட்டு தார்யாவைப் பற்றியது, 'மாஸ்டர் பேஷன் கிரீட்' அவர் கணவரைப் பற்றியது என்பதைத் துவோமாஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். வலியிலிருந்து பாட்டு எழுதுவது எந்தக் கவிஞருக்கும் உள்ள உரிமை. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் பாட்டை யார் பாடினார்கள் என்று பாருங்கள். மார்கோவோடு சேர்ந்து, புதிதாக வந்த பாடகி அனெத் ஓல்சோன் பாடினார். வெளியேற்றப்பட்ட பெண்ணைப் பற்றிய பாட்டை, அவள் இடத்துக்கு வந்த பெண்ணின் வாயில் வைத்தார்கள். முதல் மனைவியின் குறைகளை இரண்டாம் மனைவியை விட்டுச் சொல்லவைக்கும் குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

அனெத் 2012இல் பயணத்தின் நடுவிலேயே குழுவை விட்டுப் பிரிந்தார். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தனக்குப் பதிலாக வேறொருவரைப் பாடவைக்கும் பேச்சு எழுந்தது, அதைத் தான் ஏற்கவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். குழுவின் தரப்பு வேறாக இருந்தது. யார் சொல்வது முழு உண்மை என்று தீர்ப்பெழுத என்னால் முடியாது. ஆனால் இரண்டு பாடகிகள், இரண்டு பிரிவுகள், இரண்டிலும் பெண்ணின் திருமணமும் கருவும் பேச்சின் நடுவில் வந்துவிட்டன. இத்தனை ஆண்டுகளில் அந்தக் குழுவின் ஆண்களுக்கும் திருமணமும் குழந்தைகளும் இருந்தன. அவை செய்தியாகவில்லை.

5

இனி, தார்யாவின் தனி இசையைப் பார்க்க வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் கலையைத் தலையில் தூக்கி வைப்பது விமர்சனமாகாது. அவரையும் அது மதிப்பதாகாது.

வெளியேற்றப்பட்ட பிறகு அவர் முதலில் கொண்டுவந்த முழுத் தட்டு, 2006இல் வந்த ஃபின்னிய கிறிஸ்துமஸ் பாடல்கள். சண்டைப் பாட்டை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். தாய்மொழியில், குளிர்கால அமைதியில், சிறுவயதிலிருந்து தெரிந்த மெட்டுகளில் போய் உட்கார்ந்துகொண்டார். அடிபட்டவர் தாய்வீட்டுக்குப் போய்ச் சில நாள் பேசாமல் இருப்பதைப் போல.

2007இல் 'மை விண்டர் ஸ்டார்ம்' வந்தது. பனி அரசி, இறந்த சிறுவன், பீனிக்ஸ், பொம்மை என்று நான்கு வேடங்களில் அதன் படங்களில் தோன்றினார். தட்டும் அப்படித்தான் இருக்கிறது. புதுத் துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் தயங்கி நிற்கிற பெண்ணின் தட்டு. பல கைகள் சேர்ந்து செய்தது தெரிகிறது. 'ஐ வாக் அலோன்' என்ற முதல் பாட்டை உலகமே அவருடைய விடுதலை அறிவிப்பாகக் கேட்டது. 'தனியே நடக்கிறேன்' என்ற அந்தப் பாட்டை எழுதியவர்கள் இரண்டு சுவீடன் ஆண்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் மற்றவர் சொல்லைப் பாடிய ஒருவருக்குத் தன் சொல் மறுநாள் காலையில் வந்துவிடாது. தனியாக நடப்பதற்கும் முதலில் யாராவது கைபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதே தட்டில் 'ஓயசிஸ்' என்று ஒரு ஃபின்னியப் பாட்டு இருக்கிறது. அவர் சொந்தமாக இயற்றிய முதல் பாட்டு. நாடகம் இல்லாதது, மெதுவாக விரிவது, குரலை எங்கும் உரத்துக் காட்டாதது. மொழி தெரியாமல் கேட்கிற எனக்கே, இங்கே ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் என்று புரிந்தது. மறுபக்கம், ஆலிஸ் கூப்பரின் 'பாய்சன்' பாட்டையும் அதில் பாடியிருக்கிறார். ஆபத்தான பெண்ணின்மேல் ஆண் கொள்ளும் ஆசையும் பயமும்தான் 1989இல் வந்த அந்தப் பாட்டு. நஞ்சு என்று சொல்லப்பட்டவளே அதைத் தன் வாயால் பாடும்போது, நஞ்சு யார் என்ற கேள்வி திரும்பிக்கொள்கிறது. அந்த ஆண்டில் அவரைப் பற்றி என்னவெல்லாம் பேசப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இது சாதாரண மறுபாடலாகக் கேட்காது.

2010இல் 'வாட் லைஸ் பினீத்' தட்டுக்கு அவரே தயாரிப்பாளர். பாடல்களை எழுதுவதிலும் அவர் கை முழுமையாக இருந்தது. குரல் என்ற நாற்காலியிலிருந்து எழுந்து, ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிற நாற்காலியில் உட்கார அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2013இல் வந்த 'கலர்ஸ் இன் தி டார்க்' தட்டின் 'விக்டிம் ஆஃப் ரிச்சுவல்' எனக்கு மிகவும் பிடித்தது. ராவேலின் 'பொலேரோ' தந்த தூண்டுதலில் பிறந்த பாட்டு. ஒரே தாளம் விடாமல் சுற்றிச்சுற்றி வர, அதன்மேல் குரல் ஏறிக்கொண்டே போகிறது. சடங்கின் பலி என்று பெயர் வைத்துவிட்டு, அந்தச் சடங்கின் தாளத்தைத் தன் கையிலேயே எடுத்துக்கொள்கிறார்.

2015இல் வந்த 'ஆவே மரியா' முற்றிலும் வேறு உலகம். ஃபின்லாந்தின் செய்னாயோக்கி நகரில், கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்த தேவாலயத்தில் பதிவுசெய்தது. ஆர்கன், செல்லோ, ஹார்ப், குரல். அவ்வளவுதான். பல காலத்து இசையமைப்பாளர்கள் கன்னி மரியாளுக்கு அமைத்த பன்னிரண்டு வாழ்த்துகள். அவற்றில் ஒன்று தார்யாவே இயற்றியது. பெரும் பெயர்களின் வரிசையில் தன் சிறு விளக்கையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மெட்டல் பாடகிக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர் முதலில் கற்றது இந்த இசையைத்தான் என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். கவிதை எழுதுகிறவளாக, அவருடைய ஆங்கிலப் பாடல்வரிகள் பல இடங்களில் எனக்கு நிறைவு தரவில்லை. நிழல், ஒளி, கனவு, ஆன்மா என்று பொதுச்சொற்களிலேயே சுற்றுகின்றன. கையால் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் கிடைப்பதில்லை. கதை சொல்வதில் துவோமாஸின் வரிகளுக்கு இருக்கும் பிடி இவற்றில் குறைவு. இதை வைத்துக்கொண்டு, 'பார்த்தாயா, அவரில்லாமல் இவளால் முடியவில்லை' என்று சொல்கிற ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. துவோமாஸ் 2014இல் தன் பெயரில் ஒரு தனித்தட்டு வெளியிட்டார். டிஸ்னி சித்திரக்கதையில் வரும் ஸ்குரூஜ் என்ற வாத்தின் வாழ்க்கையைப் பற்றியது. பணத்தில் நீச்சலடிக்கும், உலகிலேயே பெரிய பணக்கார வாத்து. யாரும் அவரிடம் குழுவுக்குத் துரோகம் செய்துவிட்டாயா என்று கேட்கவில்லை. அந்தத் தட்டு காவியமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் தனியே வந்ததே தவறு என்றும் யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது, செய்தார். அந்தச் சுதந்திரம் அழகானது. அதே சுதந்திரம் பெண்ணுக்கும் வேண்டும். தனியே வந்த பெண் ஒவ்வொரு முறையும் மேதையாக நின்று தன் வெளியேற்றத்தை நியாயப்படுத்தியாக வேண்டும் என்றால், அது இன்னொரு வகைச் சிறை. சுமாரான பாட்டு எழுதவும், தடுமாறவும், மெதுவாகக் கற்றுக்கொள்ளவும் ஒரு கலைஞருக்கு உரிமை உண்டு. நாம் மேதைப் பெண்களுக்காகப் போராடிய அளவுக்கு இந்தச் சாதாரண உரிமைக்காகப் பேசவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

6

தார்யாவுக்கு முன்னும் பின்னும் இந்த வழியில் நடந்தவர்கள் பலர். ஜெர்மனியின் டோரோ பெஷ் 1980களில் வார்லாக் என்ற குழுவின் பாடகி. குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் பெயரை இழந்தார். 1989இல் வேறு வழியின்றித் தன் பெயரையே குழுவுக்கு வைத்தார். வார்லாக் என்ற பெயர் அவரிடம் திரும்பி வந்தது 2011இல்தான். அவருடைய தனிப்பயணம் ஆசையில் பிறந்ததில்லை. வீட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டதால் வந்தது. இந்த டோரோவும் தார்யாவும் 'தி சீயர்' என்ற பாட்டைச் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். நார்வேயின் லிவ் கிறிஸ்டீன் 1998இல், தியேட்டர் ஆஃப் டிராஜெடி குழுவில் இருந்துகொண்டே தன் முதல் தனித்தட்டை வெளியிட்டார். 2003இல் அந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

நெதர்லாந்தின் வித்தின் டெம்ப்டேஷன் குழுவில் நடந்தது வேறு. பாடகி ஷாரன் டென் ஆடெலும் கிடார் வாசிக்கும் ராபர்ட் வெஸ்டர்ஹோல்டும் அதைத் தொடங்கிய இணையர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காக 2011இல் ராபர்ட் பயணங்களிலிருந்து விலகிக்கொண்டார்; ஷாரன் தொடர்ந்து பயணம் போனார். 2018இல் ஷாரன் 'மை இண்டிகோ' என்ற பெயரில், மெட்டலே இல்லாத, மென்மையான தனித்தட்டு ஒன்றைத் தந்தார். குழு உடையவில்லை. அடுத்த ஆண்டே 'ரெசிஸ்ட்' என்ற குழுவின் தட்டு வந்தது. தனியே போய்வருவது குழுவைக் கொன்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. வீட்டில் யார் இருப்பது, யார் வெளியே போவது என்பதை இருவரும் பேசி முடிவுசெய்திருந்த இடத்தில் அந்தப் பயம் எழவே இல்லை. 2013இல் தார்யாவும் ஷாரனும் சேர்ந்து பாடியபோது, இரண்டு அரசிகளின் போட்டியைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டுப் பாடினார்கள்.

தமிழில் 'தனி' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். தனிச்சிறப்பு, தனித்துவம், தனி ஆவர்த்தனம் என்றால் பெருமை. தனிமரம், தனிக்கட்டை, தனித்துவிடப்பட்டவள் என்றால் இரக்கம். ஆண் கலைஞர் தனியே செய்தால் நம் மனம் முதல் முகத்தைப் பார்க்கிறது. பெண் தனியே செய்தால் இரண்டாவது முகம் முந்திக்கொள்கிறது. ஃபின்லாந்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது; அவர்கள் அதை வேறு சொற்களில் சொன்னார்கள்.

7

காலம் சும்மா இருக்கவில்லை. நைட்விஷின் மூன்றாவது பாடகி ஃப்ளோர் யான்சென் 2023இல் 'பாரகன்' என்ற தனித்தட்டை வெளியிட்டார், குழுவில் இருந்துகொண்டே. பணத்தாசை என்றோ துரோகம் என்றோ கடிதம் எதுவும் வரவில்லை. குழு 2024இல் புதிய தட்டு வெளியிட்டபோதும், அதற்காகப் பயணம் போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. தார்யா ஒருவர் கேட்டபோது குற்றமாக இருந்த ஓய்வு, குழுவே எடுத்துக்கொண்டபோது முதிர்ச்சி ஆனது. ஃப்ளோருக்குக் கிடைத்த இடத்துக்கான விலையை அவருக்கு முன்னால் இருவர் கொடுத்துவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கடிதத்தில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவரான மார்கோ ஹியெதாலா, தன் சொந்தத் தனித்தட்டை 2019இல் வெளியிட்டு, 2021இல் நைட்விஷை விட்டு விலகினார். 2024இல் 'லெஃப்ட் ஆன் மார்ஸ்' என்ற அவருடைய பாட்டில் தார்யா உடன் பாடினார். அந்த ஆண்டே தார்யாவின் பயணத்தில் மார்கோ சேர்ந்துகொண்டார். ஹெல்சிங்கி இரவில் நின்றது போலவே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினார்கள். இம்முறை மேடையில் இருந்த எல்லோருக்கும் எல்லாம் தெரியும். சுவரொட்டியில் தார்யாவின் பெயர் மேலே இருந்தது. மார்கோவின் பெயருக்கு முன்னால் 'சிறப்பு விருந்தினர்' என்று போட்டிருந்தது.

இதை அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அவங்க அவர நல்லா கவனிச்சுக்கிட்டாங்களா மேம், விருந்தாளிய?"

நன்றாகவே கவனித்துக்கொண்டார் என்று சொன்னேன். பாட்டில் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தார்.